கால் பழகிய பாதை

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பகல் ஷிப்டு முடியும் வேளையில் சாலையோரமாக நின்று பார்த்தால், ஆலை வாயில்களிலிருந்து வெளிப்படும் மனிதர்கள் யாரும் யாரையும் கேளாமலே பிரிந்து செல்வதைக் காணலாம். சிலர் பேருந்து நிறுத்தத்தை நோக்கிச் செல்வர். சிலர் தேநீர்க் கடைக்குச் செல்வர். வண்டியை முடுக்கி நேரே வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. மதுக்கடை இருக்கும் திருப்பத்தை நோக்கித் தலையைத் தாழ்த்திக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அவர்களுள் ஒருவரை நிறுத்தி, "இன்று இந்த வழியாகப் போவதென்று எப்போது முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டால் அவர் திகைத்துப் போவார். முடிவு செய்ததாகவே அவருக்கு நினைவிராது.

நமக்குத் தெரிந்த லேத் தொழிலாளர் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகள் அந்தத் திருப்பத்தில் திரும்பியவர். பிறகு ஒரு நாள் நிறுத்திக்கொண்டார். எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டோம். மனைவியின் கண்ணீர் என்பார், மருத்துவர் சொன்ன எச்சரிக்கை என்பார், அல்லது வேளாங்கண்ணிக்கு வைத்த நேர்ச்சை என்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் சிரித்துவிட்டு, "நான் குடிய விட்டேன்னு சொன்னா அது பொய்ங்க. அந்த ரோட்டத்தான் விட்டேன். மத்தது தானா விட்டுப் போச்சு" என்றார்.

அவருடைய விடையை அப்போது நாம் பெரிதாக மதிக்கவில்லை. ஏதோ அடக்கத்தினால் சொல்கிறார் என்று எண்ணினோம். இந்த மண்ணின் வரலாற்றைப் படித்த பிறகுதான், அவர் சொன்னதை ஒரு மாவட்டமே செய்து பார்த்திருக்கிறது என்பது விளங்கியது.

இன்று கிருஷ்ணகிரி மாவட்டம் என்று வழங்கும் நிலப்பகுதி, 1965-ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டம் பிரிக்கப்படும் வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. (கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான்.) பழைய சேலம் மாவட்டம் மேற்கே மைசூர் சமஸ்தானத்தின் எல்லை வரை பரந்து கிடந்தது. கேழ்வரகும் புளியமரமும் ஈச்ச மரமும் மலிந்த மேட்டு நிலம் இது. கள் இங்கு இழிந்த பொருளாக எப்போதும் இருந்ததில்லை. தகடூரை ஆண்ட அதியமான் மறைந்தபோது, அவன் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட நட்பை நினைந்து ஔவையார் புலம்பும் பாடல் புறநானூற்றில் இருக்கிறது. அதே தமிழில்தான் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தை வள்ளுவர் ஒதுக்கினார். குடியைப் பற்றிய நம் மனம் அன்றிலிருந்தே இரண்டாகப் பிளந்துதான் கிடக்கிறது.

விருந்திலும் விழாவிலும் உண்ட கள், அன்றாடக் கூலிக்காரனின் மாலைக் கடமையாக மாறியதில் அரசுக்கும் பங்கு உண்டு. 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் மது இறக்குவதையும் விற்பதையும் அரசின் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. கடைகள் ஏலம் விடப்பட்டன. அதிகத் தொகைக்கு ஏலம் எடுத்தவன் அதைத் திரும்ப ஈட்ட வேண்டுமானால் கடையை எங்கே வைப்பான்? சந்தைக்குப் போகும் வழியில் வைப்பான், நாற்சந்தியில் வைப்பான், கூலி வாங்கியவன் வீடு திரும்பும் பாதையில், வீட்டுக்குச் சற்று முன்னதாக வைப்பான். அந்தக் குத்தகைக்காரன் உளநூல் எதுவும் கற்றவனல்லன். ஆனால் களைத்த உடலும், கையில் காசும், கூட வரும் தோழனும், வழியில் ஒரு கதவும் சேர்ந்துவிட்டால் மனிதன் யோசிக்க மாட்டான் என்ற பாடம் அவனுக்குத் தெரிந்திருந்தது. மாகாண அரசின் கருவூலத்திற்கும் அது தெரிந்திருந்தது. அதன் வருவாயில் கணிசமான பகுதி இந்த வழியாகவே வந்தது.

இதற்கு எதிர்க்குரல் முதலில் எழுந்த இடங்களுள் கொங்கு நாடும் ஒன்று. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றனர். குடிப்பவர் பெரும்பாலும் ஆண். அந்தக் குடியின் விலையைக் கொடுப்பவள் பெண். கடை வைப்பதா, வேண்டாமா என்பதைப் பற்றி அவளை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வரலாற்றில் பெண்கள் மதுக்கடை வாயிலுக்கு வந்த போதெல்லாம், குடிப்பவனோடு வாதிட அவர்கள் வரவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். கடை அங்கே இருக்கக் கூடாது என்பதற்காகவே வந்தார்கள். படித்தவர்கள் குடிகாரனின் மன உறுதியைப் பற்றிச் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்த காலத்தில், படிக்காத பெண்கள் கதவைப் பற்றிப் பேசினார்கள்.

ஓசூருக்கு அருகில் சில கிலோமீட்டர் தொலைவில் தொரப்பள்ளி என்ற சிற்றூர் இருக்கிறது. இராஜாஜி 1878 டிசம்பர் 10-ஆம் நாள் அங்கேதான் பிறந்தார். அவர் தந்தையார் அவ்வூர் முன்சீப். சேலத்தில் வழக்கறிஞராகவும் நகரசபைத் தலைவராகவும் இருந்த இராஜாஜி, 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதரும் மதுவிலக்கும் தீண்டாமை ஒழிப்பும் அதன் பணிகள். 1929-இல் அங்கிருந்து 'விமோசனம்' என்ற மாத இதழ் வெளிவந்தது. மதுவிலக்கு ஒன்றுக்காகவே நடத்தப்பட்ட இதழ் அது. இளைஞராயிருந்த கல்கி அதில் உடனிருந்து உழைத்தார். ஓர் இலக்கிய இதழின் பக்கங்களில் எழுதும் நமக்கு இது ஓரளவு ஆறுதலும் ஓரளவு எச்சரிக்கையும் ஆகும். விமோசனம் பத்து இதழ்களோடு நின்றுவிட்டது. படிக்கத் தெரிந்தவர்கள் அதைப் படித்தார்கள். குடித்தவர்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது.

1937 ஜூலையில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சரானார். மூன்றே மாதங்களில் மதுவிலக்குச் சட்டம் நிறைவேறியது. 1937-ஆம் ஆண்டின் பத்தாம் சட்டம் அது. திருத்தங்களோடு இன்றும் தமிழ்நாட்டில் இருப்பது அதுவே. மாகாணம் முழுவதும் ஒரேயடியாக அதை நடைமுறைப்படுத்த அவர் துணியவில்லை. தம் சொந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். ஏறத்தாழ 24 லட்சம் மக்கள் வாழ்ந்த சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1-ஆம் நாள் வெள்ளிக்கிழமையன்று கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதில் அடக்கம்.

அந்த முதல் சில மாலைகளை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். குடிப்பவன் மனம் ஒரே இரவில் மாறிவிடவில்லை. அவன் உறுதிமொழி எதுவும் எடுக்கவில்லை. வேலை முடிந்தது, கூலி வாங்கினான், கால்கள் பழகிய வழியில் நடந்தன. வழியில் இருந்த கதவு மூடியிருந்தது. சற்று நேரம் நின்றிருப்பான். வேறு சிலரும் வந்து நின்றிருப்பார்கள். பிறகு என்ன செய்வது? இருட்டும் வரை எங்கே உட்காருவது? யாரோடு பேசுவது? கள்ளுக்கடை கள் விற்ற இடம் மட்டுமன்று. உழைத்த மனிதன் பகலிலிருந்து இரவுக்குக் கடந்து செல்லும் திண்ணையாகவும் அது இருந்தது. வீட்டில் அவனுக்கென்று ஒரு மூலைகூட இல்லாத நிலையில், மனிதனாக உட்கார்ந்து பேசக் கிடைத்த ஒரே இடம் அதுவே.

இந்த வெற்றிடத்தை ஆட்சியாளர்கள் அறிந்திருந்தனர் என்பதே சேலத்துச் சோதனையின் சிறப்பு. தேநீர்க் கடைகளுக்கு ஊக்கம் தந்தார்கள். பஜனைகளும் விளையாட்டுகளும் ஊர்க் கேளிக்கைகளும் மாலை வேளைகளில் ஏற்பாடு செய்யப்பட்டன. மரமேறிகளின் பிழைப்புக்காகப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சும் வழி காட்டப்பட்டது. அது எல்லோருக்கும் ஈடாகிவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒருவன் வீட்டில் விளக்கு எரியும்போது இன்னொருவன் வீட்டில் அடுப்பு அணைந்த கதையும் இதில் உண்டு.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த பி. ஜே. தாமஸ் இந்தச் சோதனையின் பொருளாதார விளைவுகளை ஆராய்ந்து எழுதினார். குறவிலங்காட்டில் பிறந்த கத்தோலிக்கர் அவர். நம் வாசகர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாதிருப்பது வருந்தத்தக்கது. கள்ளுக்குப் போன காசில் ஒரு பகுதி உணவுக்கும் துணிக்கும் கடன் அடைப்பதற்கும் திரும்பியதை அக்காலத்து ஆய்வுகள் எடுத்துக்காட்டின. இதை நல்லொழுக்கத்தின் வெற்றி என்று சொல்லி நாம் எளிதில் முடித்துவிடலாம். ஆனால் நடந்தது அதனினும் நுட்பமானது. அந்தக் காசைத் துணிக்குச் செலவிட வேண்டும் என்று அவன் திடீரென முடிவு செய்யவில்லை. காசு வீடு வரை வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வந்த காசைப் பற்றி முடிவு செய்கிறவள் வேறொருத்தி.

இந்த நுட்பத்தை மேலைநாட்டு உளவியலார் தம் வழியில் கண்டிருக்கிறார்கள். அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட பெருநூலில் பழக்கத்துக்கென ஓர் இயலை ஒதுக்கி, மனிதனின் அன்றாட வாழ்வைச் சுமந்து செல்வது பழக்கமே, சிந்தனையன்று என்று காட்டினார். நூறாண்டுகளுக்கும் பிறகு, 2002-ஆம் ஆண்டில் வெண்டி வுட் என்பவரும் அவர் குழுவினரும் மாணவர்களை மணிக்கொருமுறை தாம் செய்துகொண்டிருப்பதைக் குறித்து வைக்கச் சொன்னார்கள். அச்செயல்களில் ஏறத்தாழ 43 விழுக்காடு நாள்தோறும், அதே இடத்தில், பெரும்பாலும் மனம் வேறொன்றை எண்ணிக்கொண்டிருக்கையில் நிகழ்ந்தவை என்று கண்டார்கள். செபமாலையை விரல் உருட்ட மனம் சந்தைக்குப் போய்விடுவதை அறிந்த நமக்கு இது வியப்பாயிராது.

எல்லாவற்றிலும் வியப்பான சான்று வியட்நாம் போரிலிருந்து வந்தது. அங்கிருந்த அமெரிக்கப் போர்வீரர்களில் ஐவரில் ஒருவர் ஹெராயின் முதலிய போதைப்பொருளுக்கு அடிமையாகிவிட்டதாகத் தெரிந்தபோது அந்நாடு நடுங்கியது. 1971-இல் நாடு திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். அங்கே அடிமைப்பட்டிருந்தவர்களுள், திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே. அச்சமும் சலிப்பும், எளிதில் கிடைத்த பொடியும், கூட இருந்த தோழர்களும் நிறைந்த ஓரிடத்தில் வேரூன்றிய பழக்கம், வேறு மண்ணுக்குப் பெயர்த்து நட்டபோது பட்டுப்போயிற்று. நம் லேத் தொழிலாளர் பாதையை மாற்றினார். சேலத்துக் கூலிக்காரனுக்குப் பாதையில் இருந்த கதவு மாற்றப்பட்டது. அந்த வீரர்களுக்கோ நாடே மாறியது. மூன்றிலும் மாறியது வெளிச்சூழல்தான். நெஞ்சு அதைப் பின்தொடர்ந்தது.

அப்படியானால் கதவை மூடினால் போதுமா? போதாது என்பதற்கும் இதே மாவட்டம் சாட்சி. ஓசூர் வட்டத்தின் மேற்கும் வடக்கும் மைசூர் சமஸ்தானம். அங்கே அப்போது மதுவிலக்கு இல்லை. மாவட்டத்தின் நடுவிலிருந்த சிற்றூரானுக்கு மூடிய கதவு மாவட்டத்தின் எல்லை வரை நீண்டது. எல்லையோரத்துச் சிற்றூரானுக்கோ அது அரை நாள் நடையில் திறந்துகொண்டது. அவ்வளவு தூரம் நடப்பதற்கு ஒரு முடிவு தேவை. வழியிலிருந்த கடையில் நுழைய அது தேவைப்படவில்லை. ஆகவே பழக்கத்தால் மட்டும் குடித்தவன் நின்றுவிட்டான். உடலே மதுவைக் கேட்கும் நிலைக்குப் போய்விட்டவன் எல்லையைக் கடந்தான், அல்லது காட்டு ஓடைகளின் மறைவில் ஊறலைத் தேடினான். சட்டம் முதலாமவனைக் காப்பாற்றியது. இரண்டாமவனைக் குற்றவாளியாக்கியது. அவன் நோயாளி என்ற எண்ணம் அக்காலத்தில் அநேகருக்கு வரவில்லை. இன்றும் பலருக்கு வந்தபாடில்லை.

சட்டத்தின் பயணமும் நேராக இருக்கவில்லை. 1938-இல் சித்தூரும் கடப்பையும், 1939-இல் வட ஆர்க்காடும் சேர்க்கப்பட்டன. மதுவருவாய் இழப்பை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. அதுவரை ஒரு துளியும் குடியாத கிழவியும் உப்புப் புளி வாங்கும்போது தன்னறியாமல் அடுத்தவன் தெளிந்திருப்பதற்குக் காசு கொடுத்தாள். மதுவிலக்கு போய்விட்டது, அதற்காக வந்த வரி மட்டும் நின்றுவிட்டது என்று பின்னர் பலர் கசந்து பேசியதில் நியாயம் உண்டு. உலகப் போரின்போது ஆளுநரின் ஆலோசகர்கள் ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் காலத்தில், 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971 ஆகஸ்டு இறுதியில் மீண்டும் விலக்கிக்கொள்ளப்பட்டது. 92 வயது முதியவரான இராஜாஜி, முதலமைச்சர் கருணாநிதியின் இல்லத்துக்கே சென்று வேண்டாம் என்று வேண்டிக்கொண்டது பலரும் அறிந்தது. அதன் பின்னர் ஆட்சிகள் மாறி மாறி மூடியும் திறந்தும் வந்து, 2003 இறுதியில் சில்லறை விற்பனையே டாஸ்மாக் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 1886-இல் ஏலம் விட்ட அரசு, இப்போது தானே கடை விரித்து உட்கார்ந்தது.

இந்த ஏற்ற இறக்கங்களுக்கு அரசியல் காரணங்களைச் சொல்வார்கள். உளவியல் வழியில் ஒரு காரணமும் உண்டு என்று நாம் எண்ணுகிறோம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு வந்தது. விலங்குகளின் இதயம், சிறுநீரகம் முதலிய உறுப்புகளைச் சமைக்க இல்லத்தரசிகளை இணங்கச் செய்ய வேண்டியிருந்தது, அவர்களோ அருவருத்தனர். கர்ட் லெவின் என்ற உளவியலார், சில குழுக்களுக்குத் திறமையான சொற்பொழிவுகளை ஏற்பாடு செய்தார். வேறு சில குழுக்களில் பெண்களே கலந்து பேசிக் கையுயர்த்தி முடிவெடுக்கச் செய்தார். சொற்பொழிவு கேட்டவர்களில் பின்னர் அதைச் சமைத்தவர்கள் 3 விழுக்காடு; தாமே கலந்து முடிவெடுத்தவர்களில் 32 விழுக்காடு. பிரசங்கம் செய்கிற அருட்பணியாளர்களும் பத்திரிகையில் எழுதுகிற நாமும் இந்த இரண்டு எண்களையும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

சேலத்தில் ஆசிரமத்தார் ஆண்டுக்கணக்காக ஊர் ஊராகச் சென்று உட்கார்ந்து பேசியிருந்தனர். மதுவிலக்குச் சட்டம் அந்த மாவட்டத்துக்கு வந்தபோது பாதி ஊர்க் கட்டுப்பாடாகவும் பாதி அரசாணையாகவும் வந்தது. மாகாணம் முழுவதற்கும் விரிந்தபோது அரசாணை மட்டுமே சென்றது. கட்டுப்பாட்டை யாரும் கூடவே கொண்டு செல்லவில்லை. கேட்காமல் போட்ட பூட்டைத் திறக்க மக்கள் ஆயிரம் சாவிகளைக் கண்டுபிடித்தார்கள். அவற்றுள் கொடியது கள்ளச்சாராயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அப்போது மதுக்கடைகள் திறந்துதான் இருந்தன என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

தொலைவும் நேரமும் மனிதனின் முடிவை எப்படி நடத்துகின்றன என்பதைக் கடந்த பத்தாண்டுகளில் இந்த எல்லைப்பகுதி மூன்று முறை கண்டது. 2016 மே மாதத்தில் தமிழ்நாட்டு மதுக்கடைகளின் திறப்பு நேரம் காலை பத்து மணியிலிருந்து நண்பகல் பன்னிரண்டுக்கு மாற்றப்பட்டது. இரவு ஷிப்டு முடித்துக் காலையில் வெளிவருபவனுக்கு இந்த இரண்டு மணி நேரம் சிறிதன்று. பத்து மணி வரை விழித்துக் காத்திருந்தவன், பன்னிரண்டு வரை காத்திருக்க முடியாமல் உறங்கிவிடக்கூடும். அடுத்ததாக, 2016 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரல் தொடக்கத்தில் மாநிலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. கிருஷ்ணகிரி வழியாக ஓசூரைக் கடந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையும் அந்த விதிக்கு உட்பட்டது. மூடிய கடைகள் ஊர்களுக்குள்ளே இடம் தேடியபோது, தமிழ்நாட்டின் பல பகுதிகளில் பெண்கள் தெருவுக்கு வந்து மறித்தார்கள். 1921-இல் ஈரோட்டில் கேட்ட அதே கேள்விதான்: இந்தக் கதவை எங்கள் வழியில் வைக்க உங்களுக்கு யார் சொன்னது?

மூன்றாவது நிகழ்ச்சி கொரோனாக் காலத்தது. 2020 மார்ச் மாத இறுதியில் ஊரடங்கோடு கடைகளும் மூடின. ஒன்றரை மாத காலம் தமிழ்நாடு முழுவதும், ஒரு விவாதமும் இன்றி, 1937-ஆம் ஆண்டின் சேலமாக மாறியது. மதுவுக்குப் பதிலாக நச்சுத் திரவங்களைக் குடித்து மாண்டவர்களின் செய்தியும் வந்தது; உடல் நடுங்கியவர்கள் மருத்துவமனைகளுக்கு வந்தனர். ஆயினும் மிகப் பலர் குடியாமலே அந்த நாட்களைக் கடத்தினர். தங்களால் இருக்க முடிகிறதே என்று தாங்களே வியந்தவர்களை நாம் அறிவோம். மே 4-இல் கர்நாடகத்தில் மதுக்கடைகள் திறந்தன. அண்டை மாநிலங்களுக்கு மக்கள் எல்லை கடந்து செல்வதைத் தடுப்பது கடினமாயிருக்கிறது என்பதைக் காரணமாகக் காட்டி, மே 7 முதல் கடைகளைத் திறப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஜூஜூவாடிச் சோதனைச் சாவடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையிலுள்ள சில கிலோமீட்டர் தூரம் கன்னியாகுமரி வரை உள்ள மதுக்கடைகளின் கதவைத் திறக்க ஒரு காரணமாயிற்று! திறந்த நாளன்று கடைகளின் முன் நின்ற நீண்ட வரிசைகளை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த வரிசைகளைக் கண்டு எள்ளி நகையாடியவர்கள் பலர். ஆறு வாரங்கள் வீட்டிலிருந்து, சிறிதும் பெரிதுமாகத் தங்களை மீட்டுக்கொண்ட மனிதர்கள் அந்த வரிசையில் எத்தனை பேர் நின்றார்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இங்கே நாம் நம்மைப் பற்றியும் சிறிது பேச வேண்டும். கத்தோலிக்கர்களாகிய நமக்குத் திராட்சை இரசம் பாவமன்று. திருப்பலிக்கான இரசத்துக்கு மதுவிலக்குக் காலத்திலும் சட்டம் இடமளித்தது. கானாவூர்த் திருமணத்தைச் சுட்டிக்காட்டி வாதிடுகிறவர்கள் நம்மிடையே எப்போதும் உண்டு. அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் பங்குத் திருவிழாவின் தேர் நிலைக்கு வந்தவுடன் இளைஞர்கள் எங்கே போகிறார்கள் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். திருமண விருந்தில் கொட்டகைக்குப் பின்னால் தனி ஏற்பாடு செய்யாவிட்டால் மரியாதை குறைவு என்று எண்ணும் குடும்பத்தலைவர்கள் இருக்கிறார்கள். இறந்தவரை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்களுக்கும் 'களைப்புத் தீர' ஏற்பாடு உண்டு. ஒரு மனிதன் பத்து மாதம் உறுதியாயிருந்து, தன் தங்கை மகளின் திருமணத்தில் மாமனும் மச்சானும் கையில் திணித்த ஒரு குவளையில் விழுந்ததை நாம் நேரில் கண்டோம். மறுநாள் அவனைத் திட்டாதவர் இல்லை. அவனிடம் குவளையைத் திணித்தவரை ஒருவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை, உறவினர் அல்லவா என்று வாயை மூடிக்கொண்டோம்.

மன உறுதியை நாம் மறுக்கவில்லை. இறையருளையும் மறுக்கவில்லை. தவக்காலத்தில் நாற்பது நாட்கள் குடியை விடுபவர்களைப் பார்த்து, நாற்பதாம் நாள் முடியட்டும் என்று காத்திருக்கிறான் பாருங்கள் எனச் சிரிப்பது நம் ஊர்களில் வழக்கம். ஆனால் அந்த நாற்பது நாட்கள் அவன் எப்படி இருந்தான் என்று யாரும் கேட்பதில்லை. ஊரே சேர்ந்து அசைவத்தை ஒதுக்கியிருக்கிறது, மாலையில் சிலுவைப்பாதை இருக்கிறது, நண்பனும் வற்புறுத்துவதில்லை, வீட்டில் எரிச்சலான ஒரு சொல் குறைகிறது. அவனுடைய உறுதிக்கு நான்கு புறமும் முட்டுக்கொடுத்திருக்கிறோம். உயிர்ப்பு ஞாயிறன்று முட்டுகளையெல்லாம் ஒரே நாளில் பிடுங்கிவிட்டு, சுவர் விழுந்தது என்கிறோம். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளர்கள் ஒருவரையொருவர் சந்தித்துப் பேசியதிலிருந்து பிறந்த 'பெயர் மறைத்த குடிநோயாளர்' இயக்கம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அதன் கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில் நடப்பதை நாம் கவனித்திருக்கிறோம். குடிக்கும் நேரத்துக்கு ஒரு நாற்காலியையும் ஒரு கோப்பைத் தேநீரையும் தன்னை அறிந்த ஒரு முகத்தையும் அது தருகிறது. சேலத்துத் தேநீர்க் கடையும் பஜனையும் செய்ய முயன்றது அதைத்தான்.

தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்த வீடு இன்று அரசின் நினைவில்லம். சென்ற ஆண்டு அங்கே போயிருந்தபோது அந்த லேத் தொழிலாளரையும் உடன் அழைத்துச் சென்றோம். சுவரில் இருந்த படங்களை அவர் நிதானமாகப் பார்த்தார். 1937-ஐப் பற்றி நாம் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். "ஒரு மாவட்டத்துக்கே ரோட்ட மாத்திட்டாரு போல" என்றார். திரும்பி வருகையில் பழைய திருப்பத்துக்குச் சற்று முன்பாக வண்டியை இடப்புறம் திருப்பச் சொன்னார். அந்த வழியாகப் போனால் வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் கூடுதல். குடியை விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றனவே, இன்னுமா என்று கேட்டோம். "பழகிப் போச்சுங்க" என்றார்.